படப்பை, ஞமலி, காடி: சங்க காலத்து வீட்டுத் தோட்டமும் வாசல் நாயும்

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வருஷத்துக்கு நாலு தடவையாவது என்னிடம் வந்து சேரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழர் வீட்டுக்குப் பின்னாலும் காய்கறித் தோட்டம் இருந்ததாம். முற்றத்தில் வற்றல் காய்ந்ததாம். வாசலில் நாட்டு நாய் காவல் இருந்ததாம். ஃப்ரிட்ஜ் வந்து எல்லாத்தையும் கெடுத்துவிட்டதாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் தோட்டம் உண்டு, ரெண்டு நாட்டு நாய் உண்டு, சித்திரையில் மாடியில் வற்றலும் காயும். ஆனால் எந்த ரிப்போர்ட் வந்தாலும் 'முதலில் லாக்கைக் காட்டு' என்று கேட்டே 20 வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அதனால் தோட்டம், பதப்படுத்திய உணவு, நாய் ஆகிய மூன்றும் நம்மிடம் இருக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களில் எங்கே சேர்ந்து வருகின்றன என்று தேட ஆரம்பித்தேன்.

சேர்ந்து வருகின்றன, ஒரே பாட்டிலேயே. ஆனால் ஒரே வீட்டில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

பாட்டு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது, 500 அடி, பத்துப்பாட்டில் ஒன்று. உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டதால் இன்று நம் கையில் இருக்கிறது. ஆற்றுப்படை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பரிசு வாங்கித் திரும்பும் ஒரு பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம் 'நீயும் போ, வழி இது' என்று சொல்வது. வழியில் யார் யார் வீடு வரும், எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவான். புகழ்ச்சிப் பாட்டுதான், மிகை இருக்கும். ஆனால் ராஜாவைப் புகழும்போது வரும் மிகை, ஒரு வேடன் வீட்டு அடுப்பைச் சொல்லும்போது பெரிதாக வருவதில்லை. அங்கே பொய் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது?

முதலில் ஒரு சொல். வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குச் சங்கப் பாட்டுகளில் வரும் பெயர் படப்பை. கொல்லை, புழக்கடை என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்டச் சமம். இந்தச் சொல் சாதாரணமாகச் சாகவில்லை. சோழர் காலத்து நிலதானச் செப்பேடுகளில் தானமாகக் கொடுக்கும் நிலத்தில் என்னென்ன அடங்கும் என்று பட்டியல் போடும்போது, மனையோடு மனைப்படப்பையும் தனியாகப் பேர் சொல்லி எழுதுவார்கள். அதாவது வீட்டுத் தோட்டம் என்பது பத்திரத்தில் ஏறுகிற அளவுக்குச் சொத்து. தாம்பரத்தைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் படப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஐடி பார்க் பஸ்ஸில் தினம் அதைக் கடக்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, வீடுகளுக்குப் போவோம்.

பாணன் சொல்லும் வழியில் வறண்ட பாலை நிலம் முதலில் வருகிறது. அங்கே எயினர் எனும் வேட்டுவர். அவர்கள் குடிசைப் பெண்கள் நுனியில் இரும்பு கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, புல்லரிசி சேர்க்கிறார்கள். விளாமர நிழலில் தரையிலேயே பதித்த உரலில் குத்துகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை எடுத்து, வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். சோற்றோடு வருவது வாடூன், அதாவது வாட்டிக் காயவைத்த இறைச்சி. உணவைக் காயவைத்து வைக்கும் பழக்கம் இந்த வீட்டிலேயே இருக்கிறது, கவனியுங்கள். உவர்நீரில் சமைத்தால் உப்பு தனியாக வாங்க வேண்டிய அவசியம் குறையும் என்பது என் ஊகம். பாட்டு அப்படிச் சொல்லவில்லை.

கொஞ்சம் தள்ளிப் போனால் அதே எயினரின் குறும்பு, அதாவது காவல் உள்ள குடியிருப்பு. இங்கேதான் தோட்டமும் நாயும் சேர்ந்து வருகின்றன. சங்கிலியில் கட்டிய நாய்கள், யாரும் சுலபமாக நெருங்க முடியாத வீடு, முள்வேலி, சுற்றிலும் காவற்காடு சூழ்ந்த படப்பை. இந்தக் காட்சியைச் சென்னைப் புறநகரில் இன்றைக்கும் பார்க்கலாம், 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மட்டும்தான் புதுசு. நாயைச் சங்கிலியில் போடுவது நகரத்து நவீனக் கொடுமை என்று நினைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த வீட்டில் விருந்து என்ன? மேட்டு நிலத்தில் விளைந்த செந்நெல் சோறு, தொட்டுக்கொள்ள நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல். நாய்க்குப் பாட்டில் வரும் பெயர் ஞமலி. இங்கே ஞமலி காவலும் செய்கிறது, கறியும் கொண்டுவருகிறது. சம்பாதிக்கும் குடும்ப உறுப்பினர் என்றே சொல்லலாம்.

நாய்க்கு இப்படிப்பட்ட இடம் கொடுத்தது பாட்டு மட்டுமில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அதில் வீரன் மட்டுமில்லை, அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எத்தனை மனிதர்களுக்குப் பெயர் கல்லில் ஏறியது என்று யோசித்துப் பார்த்தால் இது லேசான மரியாதை இல்லை. நம் விஷயத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: எருமை இருந்தால்தான் தயிர், தயிர் இருந்தால்தான் மோரில் ஊறவைக்கும் எதுவும். அது பின்னால் வரும்.

மறுபடி பாட்டுக்கு. மருத நிலத்துப் பக்கம் வந்தால் தண்டலை உழவர், அதாவது தோப்பும் தோட்டமுமாக வாழ்கிற விவசாயிகள். வீட்டு முன்னால் மஞ்சள் செடி, சுற்றிப் பூ மணக்கும் படப்பை. இவர்கள் கொடுப்பது பலாப்பழம், இளநீர், வாழைப்பழம், நுங்கு, கிழங்கு. எல்லாமே அன்றைக்குப் பறித்தது. பதப்படுத்தியது ஒன்றுகூட இல்லை. ஃபார்வர்டு கற்பனை செய்யும் 'தோட்டம் உள்ள வீடு' இதுதான், ஆனால் இங்கே வற்றலும் இல்லை, நாயும் பேச்சில் இல்லை. விருந்தாளிக்குப் பலாச்சுளை இருக்கும்போது யார் வற்றலை எடுத்து வைப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான்.

பதப்படுத்திய காய் வருவது அந்தணர் வீட்டில். இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பந்தல் காலில் கன்று கட்டியிருக்கிறது. சாணம் மெழுகிய வீடு. அங்கே கோழியும் ஞமலியும் நெருங்குவதில்லை. கிளி மட்டும் வேதம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுச் சாப்பாட்டில் சோற்றோடு வருவன ரெண்டு. மாதுளங்காயை நறுக்கி, மோரில் எடுத்த வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வேகவைத்தது ஒன்று. இன்னொன்று மாவடு போட்ட காடி. காடி என்றால் புளித்தது, ஊறியது. அதாவது நம்ம மாவடு ஊறுகாய்! கறிவேப்பிலைத் தாளிதமும் மாவடுவும் ஒரே இலையில், மிளகாய் கடல் தாண்டி வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்னால்.

பத்துப் பன்னிரண்டு அடிக்குள் ரெண்டு செய்தி. இந்த வீட்டுக்குள் நாய் வராது. இந்த வீட்டில் ஊறுகாய் இருக்கிறது.

ரெண்டையும் முடிச்சுப் போட்டு 'நாய் வாய் வைத்துவிடும் என்றுதான் விலக்கினார்கள், நம் முன்னோரின் அறிவியல்!' என்று எழுதினால் லைக் அள்ளும். நான் அப்படி நினைக்கவில்லை. நாயையும் கோழியையும் விலக்கியது ஆசாரம். அதே ஆசாரம் பிற்காலத்தில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் மாதவிலக்கான பெண்ணையும் வரவிடவில்லை. ஈரக் கை படக்கூடாது என்ற விதிக்குக் காரணம் உண்டு, அதை எந்த லேபிலும் நிரூபிக்கலாம். மற்றதற்குக் காரணம் தீட்டு மட்டும்தான். நான் கவனிப்பது வேறு: இது உபரி உள்ள வீடு. மாங்காய் பிஞ்சிலேயே பறிக்க மரம் இருக்கிறது, ஜாடி இருக்கிறது, உப்பு இருக்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று யோசிக்க நேரமும் இருக்கிறது.

இங்கே உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும். மாவடுவில் என்ன நடக்கிறது? கல்லுப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் சவ்வூடு பரவலால் காயின் தண்ணீர் வெளியே வரும், வடு சுருங்கும். ரெண்டு நாளில் ஜாடியில் நீங்கள் ஊற்றாத தண்ணீர் நிற்கும். அந்த உப்புநீரில் அழுகவைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் பிழைக்காது. மாங்காயின் புளிப்பும் உதவிக்கு நிற்கும். வற்றலிலும் கணக்கு அதேதான், வழி வேறு. பச்சைக் காயில் 85 முதல் 95 சதவீதம் தண்ணீர். கொத்தவரங்காயை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தால் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் செயலிழக்கும். பிறகு வெயில். சுக்காகக் காய்ந்து சலசலவென்று சத்தம் வந்தால், பூஞ்சைக்குக்கூட அதில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். சுண்டைக்காயையும் மிளகாயையும் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து ஊறவைத்துக் காயவைப்பதில் மூன்று காவல்: உப்பு, லாக்டிக் அமிலம், வறட்சி. எங்கள் துறையில் இதை ரிடண்டன்சி என்போம். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்.

எதற்கும் உப்பு வேண்டும். உப்பு கடற்கரையில்தான் விளையும். அதை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உமணர். மாட்டு வண்டிகளில் கூட்டமாக, குடும்பத்தோடு போவார்கள். பெரும்பாணாற்றுப்படையிலேயே அந்த வண்டி வருகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். வண்டியின் முன்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்குவது என்ன தெரியுமா? காடிப் பானை! ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் கெடாத துணைக்கறி அதுதான். உப்பு விற்கிறவர்கள் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? சிறுபாணாற்றுப்படையில் உமணர் குழந்தைகளோடு ஒரு குரங்கு கிலுகிலுப்பை ஆடுகிறது. வற்றல் காயப்போட்டு அனுபவப்பட்ட யாரும் குரங்கை வீட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அவர்கள் காடிக்காரர்கள், வற்றல்காரர்கள் இல்லை போலிருக்கிறது.

அகநானூறு 140-ஆம் பாட்டு, அம்மூவனார் பாடியது. உமணர் வீட்டுப் பெண் ஒருத்தி, வளையல் ஒலிக்கக் கையை வீசிக்கொண்டு சேரிக்குள் வருகிறாள். நெல்லுக்குச் சம அளவு உப்பு என்று விலை கூவுகிறாள். தன் வீட்டார் குரல் மட்டுமே பழகிய நாய் ஒன்று அந்தப் புதுக்குரலைக் கேட்டுக் குரைக்கிறது. அவள் மிரண்டு பார்க்கிறாள். அந்தப் பார்வையில்தான் தலைவன் விழுந்துவிடுகிறான். பாட்டின் விஷயம் அது. நமக்கு வேண்டியது விலை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 5 கிலோ மாவடுவுக்கு இன்றைய கைப்பக்குவப்படி முக்கால் கிலோ முதல் 1 கிலோ வரை கல்லுப்பு போகும். 1 கிலோ கல்லுப்பு ஏறக்குறைய 1 லிட்டர் அளவு என்று வைத்துக்கொள்வோம். கூவிய விலைப்படி அதற்கு ஈடு 1 லிட்டர் நெல். குத்தினால் 350 முதல் 400 கிராம் அரிசி. அதாவது ஒரு ஆளின் ஒரு நாள் சோறு. வருஷம் முழுக்க வரும் ஊறுகாய்க்கு ஒரு நாள் சோறு. நெல் இருக்கும் வீட்டுக்கு இது ஒரு செலவே இல்லை.

நெல் இல்லாத வீட்டுக்குப் போகலாம். அது சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது, இடைக்கழிநாட்டு நத்தத்தனார் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. திண்டிவனம் பக்கத்துக் கிடங்கில் அவன் ஊர். பரிசு வாங்கிவரும் பாணன், அதை வாங்குவதற்கு முன்னால் தன் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறான். சங்க இலக்கியத்தில் இதைவிட நெஞ்சைப் பிசையும் சமையலறை எனக்குத் தெரியாது.

கூரைக் கழிகள் கழன்ற பழைய சுவர். கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. அந்தச் சமையலறையில் ஒரு நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. கண் திறக்காத, காது தொங்கும் குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்கின்றன. வலி தாங்காமல் தாய் நாய் குரைக்கிறது. பாணனின் மனைவி, பசியில் இடுப்பு ஒடுங்கியவள், குப்பையில் தானாக முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறியாதவர்கள் பார்த்துப் பேசிவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைக்கிறாள். பிறகு சுற்றம் எல்லாரும் சேர்ந்து அதைச் சாப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தை வறுமையின் சித்திரம் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். தோட்டக்காரனாகப் படித்தால் வேறு சில விஷயம் தெரியும். இங்கே படப்பை இல்லை, குப்பை இருக்கிறது. விதைத்த காய் இல்லை, தானே வந்த கீரை இருக்கிறது. உப்பு இல்லவே இல்லை, அதனால் நாளைக்கென்று எதையும் வைக்க முடியாது. கீரையே நாளைக்கு மிஞ்சப் போவதில்லை, அது வேறு விஷயம். நாய் எங்கே இருக்கிறது பாருங்கள். வாசலில் இல்லை, வேலியில் இல்லை, அடுக்களைக்குள் இருக்கிறது. எயினர் வீட்டு நாயையும் உமணப் பெண்ணைப் பார்த்துக் குரைத்த நாயையும் போல இது யாரையும் எதிர்த்துக் குரைக்கவில்லை. தன் குட்டிகளைப் பார்த்துக் குரைக்கிறது. காக்க எதுவும் இல்லாத வீட்டில் நாயை வெளியே நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அடுப்பு எரியாத இடத்தில் அது படுத்துக்கொண்டது.

அதே வேளைக் கீரை இன்னொரு பாட்டிலும் வருகிறது. புறநானூறு 215. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடக் காத்திருக்கும்போது, தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டைப் பற்றிச் சொல்வது. எருவும் தூளுமாகக் கிடக்கும் தெருவில் வேளை மண்டிக் கிடக்கிறது. ஆயர் வீட்டுப் பெண் அதன் வெள்ளைப் பூவைத் தயிரில் போட்டுப் புளிப்பாகக் கூழ் போல ஆக்குகிறாள். அவரைக்காய் பறிக்கிறவர்கள் வரகுச் சோற்றோடு அதை வயிறாரச் சாப்பிடுகிறார்கள். செடி ஒன்றுதான், அது முளைத்த இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குப்பைமேடு. ஒரு வீட்டில் மாடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

வேளைக்கும் தயிருக்கும் உள்ள பொருத்தம் தற்செயல் இல்லை. கிளியோம் கைனாண்ட்ரா என்று தாவரவியலில் பெயர் வாங்கிய இந்தச் செடியில் கடுகுக்காரமும் கசப்பும் உண்டு. கென்யாவில் இதை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்து, கசப்பு போகப் பாலோடு சமைக்கிறார்கள். தாய்லாந்தில் பச்சையாகத் தின்பதைவிட உப்புநீரில் புளிக்கவைத்துத் தின்பதுதான் அதிகம். கடையில் ஊறுகாயாகவே கிடைக்கும். புளிப்பேறும்போது கசப்பு தணிந்துவிடுகிறது. உப்போ தயிரோ இல்லாமல் வெறும் நீரில் வேகவைத்தால் அந்தக் கசப்போடுதான் விழுங்கணும். பாணன் மனைவி விழுங்கியது அதைத்தான். நான் ஒரு தடவை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்று பார்த்தேன். ரெண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

ஆக அந்த ஃபார்வர்டுக்குப் பதில் என்ன? தோட்டம் இருந்த வீடு இருந்தது. ஊறுகாய் இருந்த வீடு இருந்தது. நாய் காத்த வீடு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எல்லாமும் இருந்தது என்பதற்கு இந்தப் பாட்டுகளில் சாட்சி இல்லை, எதிர்ச்சாட்சி உண்டு. காயைப் பதப்படுத்த மூன்று உபரி வேண்டும்: சாப்பிட்டது போக மிஞ்சும் காய், சோறு போக மிஞ்சும் நெல்லில் வாங்கிய உப்பு, வேலைக்குப் போகாமல் வீட்டில் மிஞ்சும் ஓர் ஆள். மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். வற்றல் நாலைந்து நாள் காயணும். காக்கா வரும், அணில் வரும், கோடை மழை சொல்லாமல் வரும், சாயங்காலம் அள்ளி உள்ளே வைக்கணும். குச்சியோடு திண்ணையில் உட்கார்ந்த பாட்டியை நாம் அழகாக நினைவு வைத்திருக்கிறோம். நாற்றுநடவுக்கோ களையெடுப்புக்கோ கூலிக்குப் போகவேண்டிய பாட்டிக்கு அந்தத் திண்ணை கிடையாது. கறுப்புக் குடையை விரித்து வைப்பதும் கறுப்புத் துணியைக் கட்டுவதும் ஆள் இல்லாத வீடுகளின் கண்டுபிடிப்பாகத்தான் இருக்கணும்.

பிற்காலக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்தது. மிளகு மாதிரி காரம், ஆனால் கொல்லையிலேயே விளையும், வெயிலில் தானே காயும். மதுரைக்குத் தெற்கே இன்றைக்கு 'வத்தல்' என்று மொட்டையாகச் சொன்னால் அது காய்ந்த மிளகாய்தான்; வந்தேறி வந்து பொதுப்பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது. வற்றல் என்றாலே நினைவுக்கு வரும் சுண்டைக்காயும் அப்படித்தான்: நாம் காயவைக்கும் சொலானம் டார்வம் இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். விருதுநகர், தூத்துக்குடி கரிசலில் மழைக்குத் தானே முளைக்கும் அதலைக்காயும், காட்டு வெள்ளரி இனமான மிதுக்கங்காயும் இந்த மண்ணின் பழைய ஆட்கள். ரெண்டையும் யாரும் விதைப்பதில்லை, பறிக்கிறார்கள். உப்பு 1805-இல் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் ஏகபோகமானது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்துபோய் உப்பள்ளியதைப் பள்ளியில் படித்திருப்போம். உப்பு வரி 1947-இல்தான் போனது. அந்த வரி சோற்றில் போடும் உப்பைத் தொட்ட மாதிரியே ஊறுகாய் ஜாடியையும் தொட்டது. சாப்பாட்டு உப்பைக் குறைக்க முடியாது. ஜாடி உப்பைக் குறைக்கலாம், ஜாடியையே விட்டுவிடலாம்.

இப்போது உப்பு மலிவு. காக்க ஆள்தான் இல்லை. நாயை வைத்து அந்த வேலையை வாங்கலாமா என்று என்னை நிறையப் பேர் கேட்டதுண்டு. ஓரளவு வாங்கலாம். காக்காயையும் அணிலையும் விரட்டுவதில் நாட்டு நாய்க்கு இயல்பாகவே ஆர்வம் உண்டு, குரங்கு வந்தால் குரைத்து ஊரைக் கூட்டும். ஆனால் தோட்டத்தில் அதற்கென்று சில ஏற்பாடு வேண்டும். நாய் வேலியோரமாகத்தான் ரோந்து போகும். அந்த ஒன்றரை அடியில் செடி வைத்தால் மிதிபடும், விட்டுவிடுவதே நல்லது. கோடையில் ஈரமண்ணைத் தோண்டிப் படுக்கும். அதனால் பாத்திக்கு எட்டத்தில் அதற்கென ஓர் ஈரக்குழி இருக்கட்டும். மலம் கழிக்கத் தனி மூலை வேண்டும். நாய் வயிற்றிலிருந்து வரும் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தரையோடு வளரும் கீரைக்கும் முள்ளங்கிக்கும் பக்கத்தில் அது வேண்டாம், காய்கறிக்குப் போடும் உரக்குழியிலும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று வெங்காயம். பச்சையோ, வெந்ததோ, காய்ந்ததோ, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காய்ந்ததில் தண்ணீர் போய்ச் சரக்கு செறிந்திருப்பதால் ஆபத்து அதிகம். தாளிப்பு வடகம் முழுக்கச் சின்ன வெங்காயமும் பூண்டும்தான், விளக்கெண்ணெய் வாசம் வேறு நாயைக் கூப்பிடும். கொத்தவரங்காய் காயும்போது எங்கள் வீட்டு நாய்கள் ரெண்டும் மாடியில் காவல் இருக்கும். வடகம் காயும் வாரம் முழுக்க மாடிக் கதவு பூட்டியிருக்கும், காக்காயைப் பார்த்துக்கொள்வது கறுப்புக் குடை.